இருட்டில் விட்டு வந்தது

மழை விட்டு வெயில் அடிக்கிற சாயங்காலத்தில் கிழக்கே வானவில் கட்டினால் எல்லாரும் அதன் சிவப்பு ஓரத்தைத்தான் காட்டுவார்கள். என் கண் போவது உள்வளைவில் இருக்கும் ஊதாவின் மேல். அது பளிச்சென்று முடியாது. மங்கி, சாயம் வெளுத்து, எந்த இடத்தில் தீர்ந்தது என்று சொல்ல முடியாமல் வானத்தோடு கலந்துவிடும். உண்மையில் அது அங்கே தீரவும் இல்லை. சூரிய ஒளியைப் பிரிக்கிற மழைத்துளி, ஊதாவுக்கும் உள்ளே இன்னொரு பட்டையை வரைந்துதான் வைக்கிறது. கரண்ட் கம்பியில் உட்கார்ந்து இறகு உலர்த்தும் கிளியின் கண்ணுக்கு அந்தப் பட்டை எட்டும். கீழே நிற்கும் நமக்கு எட்டாது.

விசித்திரமான ஏக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். இடித்த வீட்டையோ வற்றிப்போன ஆற்றையோ நினைத்து ஏங்கினால் கூட நாலு பேர் பெருமூச்சு விடுவார்கள். பிறந்ததிலிருந்து ஒருநாளும் பார்க்காத நிறத்துக்காக ஏங்குகிறவனை என்ன சொல்வது? ஆனால் பார்க்காதவன் நான் மட்டும்தான். என் வம்சம் பார்த்திருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பார்த்திருக்கிறது. பிறகு ஒரு நெருக்கடியில் கைவிட்டுவிட்டு வந்திருக்கிறது.

அப்படி ஒரு ஒளி இருப்பதே நமக்கு 1801இல்தான் தெரிந்தது. ஜெர்மனியின் யேனா நகரில் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் என்ற இளைஞர் வெள்ளி குளோரைடு தடவிய காகிதத்தை நிறமாலையில் பிடித்துப் பார்த்தார். முந்தைய ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். மறுமுனையிலும் ஏதாவது இருக்க வேண்டுமே என்பது ரிட்டரின் கணக்கு. காகிதம் எல்லாவற்றையும்விட வேகமாகக் கறுத்தது ஊதாவுக்கு வெளியே, வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்தில். மனிதர் 33 வயதில் இறந்துபோனார். அவர் காகிதத்தைக் கொண்டு கண்டதை உயிர்கள் கண்ணாலேயே காண்கின்றன என்பதைக் காட்டியவர் இங்கிலாந்தின் ஜான் லபக். 1880களில் எறும்புகளின் கூட்டுப்புழுக்கள் மேல் நிறமாலையை விழவைத்தார். புற ஊதா விழுந்த இடத்திலிருந்த புழுக்களை எறும்புகள் அவசரமாகத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைத்தன. நமக்கு இருட்டாயிருந்த இடம் எறும்புக்கு வெளிச்சமாயிருந்திருக்கிறது.

எறும்பும் தேனீயும் தூரத்துச் சொந்தம், அவற்றோடு போட்டி போட முடியாது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். என்னை உறுத்துவது முதுகெலும்புள்ளவற்றின் கணக்கு. ஆஸ்திரேலியாவின் ஆறுகளில் லாம்ப்ரே என்று தாடையே இல்லாத ஒரு மீன் இருக்கிறது. பார்க்க விலாங்கு மாதிரி, வாய் மட்டும் வட்டமாக. அதன் விழித்திரையில் ஐந்து வகை ஒளியுணர் புரதங்களுக்கான மரபணுக்கள் இருப்பதை 2003இல் கண்டார்கள். ஆப்சின் என்று பெயர் கொண்ட இந்தப் புரதங்களில் ஒன்று மங்கிய வெளிச்சத்துக்கானது. மற்ற நான்கும் பகல் வெளிச்சத்தில் நிறம் பிரிக்கிற வகைகளோடு உறவுடையவை. ஒன்று சிவப்புப் பக்கம், ஒன்று பச்சை, ஒன்று நீலம், நான்காவது ஊதாவும் அதற்கு அப்பாலும். ஆக, தாடை முளைப்பதற்கு முன்னாலேயே, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, நம் முன்னோர் கையில் நான்கு நிறங்களுக்கான முதல் இருந்திருக்கிறது.

மீன்களில் பல அதை இன்றும் வைத்திருக்கின்றன. பறவைகள் நான்கையும் வைத்திருப்பதோடு, நிறம் பிரிக்கிற கூம்புச் செல்களில் பெரும்பாலானவற்றின் முன்னால் நிறமுள்ள எண்ணெய்த் துளி ஒன்றை வடிகட்டியாகப் பொருத்தியும் வைத்திருக்கின்றன. எல்லாப் பறவைக்கும் நான்காவது ஒரே இடத்தில் இல்லை. மயிலுக்கும் காகத்துக்கும் அது ஊதாவின் ஓரத்தில் நிற்கிறது; கிளிக்கும் சிட்டுக்குருவிக்கும் புற ஊதாவுக்குள்ளேயே போய்விடுகிறது. சூரியகாந்திப் பூ நமக்கு முழுக்க ஒரே மஞ்சள். ஆனால் அதன் இதழ்களின் நுனி புற ஊதாவைத் திருப்பி அனுப்புகிறது, அடிப்பாகம் விழுங்கிக்கொள்கிறது. நடுவில் பெரிய கரும்பொட்டு வைத்த இருநிறப் பூவாக அது தேனீக்குத் தெரியும்.

இதை நாம் எங்கே தொலைத்தோம்?

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிடைத்த ஹாட்ரோகோடியம் என்ற பிராணியின் மண்டையோடு 12 மில்லிமீட்டர் நீளம்தான். உயிரோடு இருந்தபோது எடை 2 கிராம் இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 19.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. பாலூட்டிகளின் வம்சத்துக்கு மிக நெருங்கியது. டைனோசர்கள் பகலைப் பட்டா போட்டுக்கொண்ட காலம் அது. 2 கிராம் உடம்பை வைத்துக்கொண்டு வெயிலில் என்ன செய்ய முடியும்? நம் முன்னோர் இரவுக்குப் போனார்கள். போனவர்கள் பத்து இருபது கோடி ஆண்டுகள் திரும்பவில்லை.

அமெரிக்க விலங்கியலாளர் கார்டன் வால்ஸ் 1942இல் முதுகெலும்பிகளின் கண்ணைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தில், பாலூட்டிகளின் கண்ணமைப்பை வைத்தே இந்த நீண்ட இரவை ஊகித்துவிட்டார். மரபணு என்றால் என்ன பொருள் என்பதே தெளியாத காலத்தில் செய்த ஊகம். பிற்பாடு வந்தவர்கள் அதற்கு மேல் மேலும் சான்றுதான் சேர்த்தார்கள். 2017இல் 2,415 பாலூட்டி இனங்களின் நடமாட்ட நேரத்தை வம்சாவளியோடு ஒப்பிட்ட ஆய்வு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் ஒழிந்த பிறகுதான் பாலூட்டிகள் முழுப் பகலுக்கு வந்தன என்று காட்டியது. எந்த வம்சத்துக்குப் பயந்து நாம் இருட்டுக்குள் போனோமோ அதன் வாரிசுகள்தான் பறவைகள். அவர்கள் நான்கையும் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இருட்டில் நிறம் பிரிக்கிற கூம்புச் செல்லுக்கு வேலை இல்லை. மங்கிய வெளிச்சத்துக்கான குச்சிச் செல்கள் பெருகின, கூம்புகள் குறைந்தன. வேலையில்லாத மரபணுவில் பிழை விழுந்தால் அதைக் கழித்துக்கட்ட யாரும் இல்லை. பிழை அப்படியே பிள்ளைக்குப் போகும். முதலில் பச்சைக்கான மரபணு போயிற்று. அது எல்லாப் பாலூட்டிக்கும் பொதுவான நஷ்டம். அடுத்துப் போனது மட்டும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது. முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸ் நீலத்தை வைத்துக்கொண்டு புற ஊதாவை விட்டது. குட்டி போடுகிற மற்ற எல்லாரும் புற ஊதாவை வைத்துக்கொண்டு நீலத்தை விட்டோம். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் ஆளுக்கு ஒரு வயல் என்று பிரித்துக்கொண்ட கதை. பச்சை வயல் யாருக்கும் கிடைக்கவில்லை.

நிறத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலி மேல் தலையாட்டுகிற ஓணானின் உச்சந்தலையில் வெளிச்சத்தை உணரும் மூன்றாவது கண் ஒன்று, செதிலுக்கு அடியில் இன்னும் இருக்கிறது. நம் வம்சத்தில் அது பாலூட்டியாவதற்கு முன்பே மூடிக்கொண்டது. புற ஊதா கெடுத்த டி.என்.ஏ.வை, வெளிச்சத்தின் உதவியாலேயே சரிசெய்யும் ஃபோட்டோலயேஸ் என்ற நொதி பாக்டீரியாவிடம் இருக்கிறது, செடியிடம் இருக்கிறது, மீனிடம் இருக்கிறது, கங்காருவிடம்கூட இருக்கிறது. நஞ்சுக்கொடியுள்ள பாலூட்டிகளிடம், அதாவது யானையிலிருந்து நாம் வரை யாரிடமும் இல்லை. வெயிலே படாத வீட்டில் வெயிலுக்கான மருந்து எதற்கு? ரோமத்துக்கும் அப்படித்தான். கிளிக்கும் மீன்கொத்திக்கும் கிடைத்த நிறங்களில் நமக்குக் கிடைத்தது மெலனின் ஒன்றுதான்: கறுப்பு, பழுப்பு, கொஞ்சம் செம்மஞ்சள். புலி ஏன் பச்சையாக இல்லை என்று குழந்தைகள் கேட்டால் பதில் இதுதான். பச்சை ரோமம் நெய்கிற சரக்கு பாலூட்டியிடம் கிடையாது. புள்ளிமானுக்குச் செம்மஞ்சளும் பச்சையும் ஒன்றாகவே தெரிவதால் புலியின் பிழைப்பு ஓடுகிறது.

இப்போது பாகத்தில் வந்த அந்தப் புற ஊதாவுக்கு வருகிறேன். என் ஏக்கத்தின் மையம் இங்கேதான். குட்டி போடும் பாலூட்டிகளின் மூதாதைக்கு மிஞ்சியவை இரண்டு: சிவப்புப் பக்கம் ஒன்று, புற ஊதா ஒன்று. வீட்டு எலியிடம் இந்த இருப்பு இன்றைக்கும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 1991இல் கலிபோர்னியாவின் ஜெரால்ட் ஜேக்கப்ஸ் குழுவினர் சுண்டெலி, எலி ஆகியவற்றின் கண்ணில் 360 நானோமீட்டர் அருகில் உச்ச உணர்வு கொண்ட கூம்புகளைக் கண்டுபிடித்தார்கள். நாம் காண்பது 400இல் தொடங்குகிறது என்பது நினைவிருக்கட்டும். ஆக, அடுக்களையில் நாம் விரட்டுகிற எலி, நம் தாத்தனின் தாத்தன் வைத்திருந்த பொருளை இன்னும் வைத்திருக்கிறது.

நாம் அதைத் தொலைக்கவில்லை. அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டோம். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஷோசோ யோகோயாமா என்பவர் பல பத்தாண்டுகள் செலவிட்டு, இன்று உலகில் இல்லாத மூதாதைகளின் ஆப்சின்களை ஆய்வகத்தில் மறுபடி உருவாக்கிப் பார்த்தார். 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நம் மூதாதையின் புரதம் புற ஊதாவை உணர்ந்தது. ஏழு இடங்களில் மாற்றம் நிகழ்ந்து அது நீலத்துக்கு நகர்ந்தது. ஏழு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடிய வரிசைகள் 5,040. அவற்றில் பெரும்பாலானவை பாதியிலேயே புரதத்தைச் செயலிழக்கச் செய்துவிடும் என்றும் 2014இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. எந்த ஒரு மாற்றமும் தனியாக எதையும் சாதிக்கவில்லை. கூடி வந்தபோதுதான் நிறம் நகர்ந்தது. 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வேலை முடிந்துவிட்டது.

இதை யோசித்துப் பார்க்கிறபோது எனக்கு வானத்தின் நீலமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஆதியில் இருந்த நீல மரபணு போய்விட்டது. அது பிளாட்டிபஸ் வீட்டில் இருக்கிறது. நாம் நீலம் பார்ப்பது புற ஊதாவுக்காகப் பிறந்து வேலை மாற்றிக்கொண்ட மரபணுவை வைத்து. அதன் உச்சம் இப்போது 420 நானோமீட்டர் பக்கம். பழைய வேலையின் சுவடு அதில் தேய்ந்துபோகவில்லை, அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

மரபணு நகர்ந்ததோடு வாசலையும் அடைத்தோம். டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு மஞ்சள் பொருளைத் தயாரித்து விழிலென்ஸில் சேர்த்து வைக்கிறோம்; 400க்குக் கீழே வருகிற ஒளியை அது வழியிலேயே விழுங்கிவிடுகிறது. சிறு வயதில் இந்த அடைப்பு முழுதாக இருப்பதில்லை. குழந்தையின் லென்ஸ் புற ஊதாவில் ஒரு சின்னப் பங்கை உள்ளே விடுகிறது. இருபது வயதைத் தாண்டும்போது அதுவும் அடைபடுகிறது. சின்ன வயதில் உலகம் பிரகாசமாக இருந்தது என்று புலம்புகிற பெரியவர்களுக்கு இதைச் சான்றாகக் கொடுக்கமாட்டேன், பங்கு அவ்வளவு சிறியது. ஆனாலும் எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி.

ஏன் அடைத்தோம் என்பதற்கு நியாயம் இருக்கிறது. அலைநீளம் குறையக் குறைய ஒளி அதிகம் சிதறும், ஒரே லென்ஸால் சிவப்பையும் புற ஊதாவையும் ஒரே இடத்தில் குவிக்க முடியாது, பிம்பம் கலங்கும். எலிக்குக் கண்பார்வை கூர்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை, மூக்கும் மீசையும் போதும். கிளைவிட்டுக் கிளை தாவுகிற குரங்குக்குக் கூர்மை இல்லாவிட்டால் எலும்பு மிஞ்சாது. நீண்ட ஆயுளுள்ள பிராணியின் விழித்திரைக்குப் புற ஊதா தரும் சேதமும் சேர்ந்துகொள்கிறது. பகலில் திரியும் அணில்களின் லென்ஸும் இதனால்தான் மஞ்சள். நியாயம் சரி. நியாயம் தெரிந்ததால் ஏக்கம் தீர்ந்துவிடும் என்று யார் சொன்னது?

பாலூட்டிகளில் வாசலைத் திறந்தே வைத்திருப்பவை நாம் நினைத்ததைவிட அதிகம். லண்டனில் ரான் டக்ளஸும் கிளென் ஜெஃப்ரியும் 38 இனங்களின் கண்ணில் ஒளி ஊடுருவுவதை அளந்து 2014இல் எழுதினார்கள்: நாய், பூனை, முள்ளெலி எல்லாம் புற ஊதாவில் கணிசமான பங்கை உள்ளே விடுகின்றன. தனியாகப் புற ஊதாக் கூம்பு இல்லாவிட்டாலும், உள்ளே வந்த ஒளி வீண் போகாது. ஆனால் இதைப் பிழைப்பாகவே ஆக்கிக்கொண்ட பிராணி வேறு.

நார்வேயின் வடகோடியில், துரோம்சோ பக்கம், குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நண்பகலில் தெற்கே ஒரு நீல மங்கல் பரவும், அவ்வளவுதான். அந்த மங்கலில் குறைந்த அலைநீள ஒளி மிகுந்திருக்கும். கீழே விழும் புற ஊதாவில் பெரும்பங்கைப் பனி அப்படியே திருப்பி அனுப்பும். சூரியன் திரும்பி வந்த பிறகு மனிதன் அங்கே பாதுகாப்பில்லாமல் பகல் முழுக்க நின்றால் கருவிழி வெந்து, பனிக் குருடு வரும். ரெயின்டீர் என்ற துருவ மானுக்கு ஒன்றும் ஆவதில்லை. 2011இல் ஜெஃப்ரியும் துரோம்சோ பல்கலைக்கழகத்தின் கார்ல் ஆர்னே ஸ்டொக்கனும் அவர்கள் கூட்டாளிகளும் அந்த மானின் கண்ணைச் சோதித்து, புற ஊதா அதன் விழித்திரைவரை போகிறது, விழித்திரை அதற்குப் பதிலும் தருகிறது என்று காட்டினார்கள்.

அதற்கு அது என்ன காட்டிக்கொடுக்கிறது? தரையில் படர்ந்து வளரும் லைக்கன்தான் குளிர்காலத்தில் மானுக்கு முக்கியச் சாப்பாடு. சாம்பல் வெள்ளையாக, பனியோடு பனியாகக் கிடக்கும். ஓநாயின் ரோமமும் அந்த மங்கலில் பனியோடு ஒன்றிவிடும். பனியில் பெய்த மூத்திரம் சீக்கிரம் கண்ணுக்கு மறைந்துவிடும். புற ஊதாவில் பார்த்தால் கதை தலைகீழ். லைக்கன், ரோமம், மூத்திரம் மூன்றும் அதை விழுங்குகின்றன. ஒளிர்கிற பனியில் மூன்றும் கறுப்பாக எழுந்து நிற்கின்றன. சாப்பாடு எங்கே, எதிரி எங்கே, கூட்டம் போன வழி எங்கே என்று மூன்று கேள்விக்கும் ஒரே ஒளி பதில் சொல்கிறது. அதோடு, அந்த மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் கோடையில் பொன்னிறமாகவும் குளிர்காலத்தில் அடர்நீலமாகவும் மாறிக்கொள்கிறது. பருவத்துக்குத் தக்கபடி கண்ணே நிறம் மாறுகிறது!

இந்த மான்கள் உயரழுத்த மின்கம்பிகளை விட்டு விலகியே மேய்வதற்குக் காரணம் கம்பியிலிருந்து தெறிக்கும் புற ஊதா மின்னல்களாக இருக்கலாம் என்று 2014இல் அதே வட்டத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். நமக்கு அமைதியாக நிற்கும் கம்பி, அந்தக் கண்ணுக்கு இரவெல்லாம் பொறி கக்கிக்கொண்டிருக்கும். இதைப் படித்த நாளிலிருந்து என் பொறாமை கொஞ்சம் குறைந்தது.

இன்னும் நிறைய இழந்தவர்களும் இருக்கிறார்கள். திரும்பவும் கடலுக்கே போன திமிங்கிலங்களும் சீல்களும் மிச்சமிருந்த இரண்டில் நீலத்துக்கான கூம்பையும் தொலைத்துவிட்டன. 2001இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் லியோ பைஷ்லும் கூட்டாளிகளும் இதை வெளியிட்டபோது, திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் கடல் நீலமில்லை என்றே தலைப்பு வைத்தார்கள். கடலே கதி என்று போனவனுக்குக் கடலின் நிறம் இல்லை. நம் பக்கத்தில் தேவாங்கு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் காடுகளில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. அந்தப் பெரிய உருண்டைக் கண்ணைப் பார்த்தால் உலகத்து நிறமெல்லாம் அதற்குள் இருக்கும் என்று தோன்றும். தேவாங்கு வகையின் மூதாதையிடமே குறைந்த அலைநீளத்துக்கான மரபணு செயலிழந்துவிட்டதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். நிறம் என்ற ஒன்றே இல்லாத உலகம் அதனுடையது. வெளிச்சமும் நிழலும் மட்டும். நம் ஒன்றுவிட்ட சொந்தம், அந்தப் பழைய இரவைவிட்டு வெளியே வராமலே இருந்துவிட்டது.

வெளியே வந்த குரங்கு வம்சத்துக்கு ஒன்று திரும்பக் கிடைத்தது. அதைச் சொல்லாவிட்டால் நன்றிகெட்ட பேச்சாகிவிடும். ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளின் பொது மூதாதை ஒன்றில், எக்ஸ் குரோமோசோமில் இருந்த சிவப்புப் பக்கத்து மரபணு பிரதி எடுக்கும்போது தவறிப்போய் இரண்டாக விழுந்தது. 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டாவது பிரதியில் சில எழுத்துகள் மாறின, அது பச்சைப் பக்கம் 30 நானோமீட்டர் விலகியது. 1986இல் ஜெரமி நேதன்ஸ் இரண்டையும் பிரித்தெடுத்து ஒப்பிட்டபோது 96 சதவீதம் ஒன்றாகவே இருந்தன. அந்த மிச்ச வித்தியாசத்தில்தான் நம்முடைய சிவப்பும் பச்சையும் வேறு வேறாகின்றன. பக்கத்துப் பக்கத்தில் ஒரே சாயலில் இருப்பதால் இரண்டும் அடிக்கடி குழம்பிப்போகும். ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் நிறக்குருடு ஆண்களிடம் அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 8 சதவீதம், நம்மிடம் அதைவிடக் குறைவு. அணுக்கொள்கை சொன்ன ஜான் டால்டன் தன் குறையைப் பற்றி 1794இலேயே உரையாற்றினார், இறந்த பிறகு தன் கண்ணைச் சோதிக்கவும் சொல்லிவைத்தார். அந்தக் கண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அவருக்குப் பச்சைப் பக்கத்து ஆப்சின் இல்லை என்று 1995இல் உறுதிசெய்தார்கள்.

கிடைத்ததை வைத்து என்ன செய்தார்கள் நம் முன்னோர்? பழத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே கிராண்ட் ஆலன் சொன்ன விளக்கம். உகாண்டாவின் கிபாலே காட்டில் குரங்குகளைப் பின்தொடர்ந்த நதானியேல் டாமினியும் பீட்டர் லூகாஸும் 2001இல் வேறொன்றைச் சொன்னார்கள்: தளிர். பழத்தின் மஞ்சளை இரண்டு நிறக் கண்ணாலும் ஓரளவு சமாளிக்கலாம். முற்றிய இலைகளுக்கு நடுவே செந்தளிரைப் பிரிப்பதற்குத்தான் மூன்றாவது தேவை. எனக்கு இது பிடித்த விளக்கம், காரணம் மாமரம். தை, மாசியில் துளிர்விடும்போது நின்று பாருங்கள். கொத்துக் கொத்தாய், நிமிர்ந்து நிற்கவும் தெம்பில்லாமல் தொங்கும் இலைகள். செம்புக்கும் ரோஜாவுக்கும் நடுவான நிறம், மேலே எண்ணெய் பூசிய பளபளப்பு. கையில் எடுத்தால் ஈரத்துணி. சில நாளில் செம்மை வடிந்து வெளிர்மஞ்சளாகி, பிறகு பச்சை ஏறி, விறைத்து நிமிர்ந்துவிடும். அந்தச் செம்மை கண்ணில் படுகிற சில நாள்தான் இலை மெல்லியது, நார் குறைந்தது, புரதம் கூடியது. மரத்தடியில் கட்டியிருக்கும் மாட்டுக்கு அது தெரியாது. மேலே உட்கார்ந்திருக்கும் குரங்குக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் இது அந்தப் பழைய பச்சை இல்லை. அது எந்தப் பாலூட்டியின் உடம்பிலும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. சிவப்பின் பிரதியை வைத்துப் பச்சை பார்க்கிறோம். புற ஊதாவின் மாறுவேஷத்தை வைத்து நீலம் பார்க்கிறோம். நாம் இயற்கையின் நிறம் என்று கொண்டாடுவதில் மூன்றில் இரண்டு பிற்காலத்தில் ஒட்டுப்போட்டது.

ஒட்டுப்போடுவது மனிதனாலும் முடியும் என்றாகிவிட்டது. தென்னமெரிக்க அணில் குரங்குகளில் ஆண்கள் எல்லாமே பிறவியிலேயே சிவப்பு பச்சை பிரிக்கத் தெரியாதவை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜே நைட்ஸும் மோரீன் நைட்ஸும் அப்படி வளர்ந்த இரண்டு குரங்குகளின் விழித்திரையில் மனிதச் சிவப்பு ஆப்சினின் மரபணுவை வைரஸ் மூலம் செலுத்தினார்கள். ஒன்றுக்கு டால்டன் என்றே பெயர். சுமார் 20 வாரம் கழித்து அவை அதுவரை பிரிக்கத் தெரியாத நிறங்களைப் பிரித்துக் காட்டின. 2009இல் வெளியான செய்தி இது. வளர்ந்த மூளைக்குப் புதிய நிறம் கற்க முடியாது என்ற பழைய நம்பிக்கைக்கு அன்றோடு முடிவு. டால்டனுக்கு முதல்முறை சிவப்பு தெரிந்த கணத்தில் அது என்ன நினைத்திருக்கும் என்று கேட்டுப் பயனில்லை.

‘தேனீயின் கண்ணில் பூ’ என்று படங்கள் சுற்றுகின்றனவே, அவற்றின் மேல் எனக்கு எப்போதும் ஒரு கோபம். சிறப்பு லென்ஸ் வைத்துப் புற ஊதாவைப் பதிவுசெய்து, அதை நம் ஊதாவாகவோ நீலமாகவோ மாற்றி அச்சிடுகிறார்கள். கோலம் எப்படி இருக்கிறது என்று அதில் தெரியும். பொடியின் நிறம் தெரியாது. ஏங்குகிறவனுக்கு வேண்டியது பொடியின் நிறம்தான்.

அந்த நிறத்துக்கு ஓரளவு அருகே போன மனிதர்கள் உண்டு. கண்புரைக்காக லென்ஸை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் பொருத்தாதவர்கள். வாசலில் இருந்த தடுப்பு போய்விடுவதால் புற ஊதாவின் ஓரம் விழித்திரைவரை வந்துவிடும். நம் கூம்புகளுக்கு அதை உணரும் திறன் கொஞ்சம் மிஞ்சித்தான் இருக்கிறது. நீலக் கூம்புக்குச் சற்றுக் கூடவே. பழைய வேலையின் சுவடு என்று முன்னே சொன்னது இதைத்தான். அப்படிப் பார்த்தவர்கள் அதை வெளிறிய நீலம், வெளிறிய ஊதா என்று சொல்லியிருக்கிறார்கள். ஓவியர் மோனேவுக்கு 1923இல் வலக்கண்ணில் இந்த அறுவை நடந்தது. பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று மனிதர் படுத்திய பாடு பிரசித்தம். அவர் புற ஊதாவையே வரைந்தார் என்று சொல்வது கொஞ்சம் அதிகப்படி. பல வருஷம் பழுப்பேறிய லென்ஸ் வழியாகப் பார்த்தவருக்கு அது போனதும் உலகம் நீலிக்கத்தான் செய்யும்.

என் அப்பத்தாவுக்கும் இதே அறுவை ஒரு கண் சிகிச்சை முகாமில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் பாய் விரித்து, கண்ணில் பச்சைத் துணி கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். பிறகு வந்தது சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டதும் அவர் கண் முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு தெரியும். அதற்கப்புறம் வீட்டில் தினம் ஒரு சண்டை: “ஏத்தா, நீலத்தக் கவுத்துப்புட்டியா? வேட்டி இம்புட்டு நீலமாக் கெடக்கு!” அம்மா போட்டது வழக்கமான சொட்டுதான். மோனேவுக்குச் சொன்ன விளக்கமே அப்பத்தாவுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பெரும்பாலும்.

1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி கண்ணுக்குள் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். அது ஏழைக்கு எட்டும் விலைக்கு வர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற கூடத்தை நிறுவி, இறக்குமதி விலையின் ஒரு சிறு பங்கில் லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான் சோடாபுட்டிக் கண்ணாடிக்கு விடிவு வந்தது. இன்றைய லென்ஸ்களில் புற ஊதாவைத் தடுக்கும் பொருளைக் கலந்தே செய்கிறார்கள். நல்ல காரியம். யாரும் பழைய முறைக்குத் திரும்ப வேண்டாம்.

ஆனால் அந்தப் பழைய முறையில் லென்ஸ் எடுத்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இன்னும் இருந்தால், ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எந்தப் பூ மாறித் தெரிந்தது, எந்தத் துணி, சாயங்கால வானம் எப்படி இருந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை மட்டும் அவர்கள் கண்ணுக்கு நேரே பிடித்துவிடாதீர்கள். தடுக்க லென்ஸ் இல்லாத விழித்திரைக்கு அது கெடுதல்.